'கெட்' என்ற சின்னச் சொல்லை வழிக்குக் கொண்டுவருவது எப்படி

பாளையங்கோட்டையில் சாயங்கால நேரத்தில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் நர்ஸுகள் வருகிறார்கள். செல்போன் கடைத் தம்பிகள் வருகிறார்கள். அமெரிக்காவில் வளரும் பேரனோடு நாலு வார்த்தை பேசினால் போதும் என்று வருகிற அக்காமாரும் உண்டு. எல்லாரும் முதலில் சொல்வது, "டீச்சர், எனக்கு வார்த்தையே தெரியாது." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 'கெட்', 'டேக்', 'கோ', 'ரன்' எல்லாம் எட்டாம் வகுப்புக்கு முன்னாலேயே படித்தவைதான். அவற்றைப் பாதிக்குமேல் பயன்படுத்தாமல் வைத்துக்கொண்டு, புதுச் சொற்களைத் தேடி ஓடுகிறோம்.

பொருள் அதிகமுள்ள ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால் அகராதிக்காரர்கள் வேறு இரண்டைச் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்'. அடுத்த பதிப்புக்காகத் திருத்தி எழுதியபோது 'ரன்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள்கள் தேறி, அது முந்திவிட்டது. இருக்கட்டும். வாயைத் திறந்து பேசவேண்டியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது 'கெட்' தான். காலையில் எழுவதிலிருந்து ராத்திரி தூக்கம் வருவது வரை அது இல்லாமல் ஓர் ஆங்கிலேயருக்கு வேலை நடக்காது.

நம் அகராதிகளில் 'கெட்' என்றால் 'பெறு' என்று முதலில் போட்டிருக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு, "இட்ஸ் கெட்டிங் டார்க்" என்று கேட்டதும் 'இருட்டைப் பெறுகிறது' என்று விழித்தால் அது உங்கள் குற்றம் இல்லை. நான் சொல்லித்தரும் வழி இதுதான்: 'கெட்'டையே பார்க்காதீர்கள். அதற்கு அடுத்து என்ன நிற்கிறது என்று பாருங்கள். பொருள் அங்கேதான் இருக்கிறது. ஒரு பொருளின் பெயரா, ஒரு குணமா, ஓர் இடமா, ஓர் ஆளா, அல்லது 'அப்', 'ஆஃப்' போன்ற குட்டிச் சொல்லா? அதைக் கவனித்தால் எந்தத் தமிழ் வினை வரும் என்று காதே சொல்லிவிடும்.

பொருளின் பெயர் வந்தால்

இதுதான் சுலபம். 'கிடை', 'வாங்கு', 'கொண்டுவா' மூன்றில் ஒன்று. "ஐ காட் எ ஜாப்" என்றால் வேலை கிடைத்தது. "ஐ காட் டூ கிலோஸ் ஆஃப் டொமேட்டோஸ்" என்றால் இரண்டு கிலோ தக்காளி வாங்கினேன். "கெட் மீ சம் வாட்டர்" என்றால் தண்ணீர் கொண்டுவா. தமிழில் 'எனக்கு' வேலை கிடைக்கும், ஆங்கிலத்தில் 'நான்' வேலையைக் 'கெட்' செய்வேன். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஆனால் "ஐல் கெட் இட்" என்ற மூன்று சொல் வாக்கியத்தை இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. வாசலில் மணி அடிக்கிறது, நீங்கள் எழுந்துகொண்டே "ஐல் கெட் இட்" என்றால் 'நான் போய்த் திறக்கிறேன்' என்று அர்த்தம். போன் அடிக்கும்போது சொன்னால் 'நான் எடுக்கிறேன்'. ஹோட்டலில் பில் வந்து மேஜையில் விழும்போது சொன்னால் 'நான் கொடுத்துடறேன்'. கடைசிச் சூழலில் யோசித்துச் சொல்லவும்.

குணம் வந்தால் 'ஆகு'. நம் ஆட்கள் அதிகம் தடுக்கிவிழும் இடம்

தமிழில் நமக்கு உடம்பிலும் மனசிலும் எல்லாம் 'வரும்'. கோபம் வரும், பசி வரும், தூக்கம் வரும், வெட்கம் வரும். இவை எல்லாம் பெயர்ச்சொற்கள். அதனால்தான் வகுப்பில் "ஐம் கெட்டிங் ஆங்கர்", "ஐம் கெட்டிங் ஸ்லீப்" என்று தாராளமாக வருகிறது. ஆங்கிலத்தில் கோபம் வருவதில்லை, ஆள்தான் கோபமாக ஆகிறார். ஆகவே பெயரைத் தூக்கிவிட்டு அட்ஜெக்டிவைப் போடவேண்டும். "ஐம் கெட்டிங் ஆங்ரி", "ஐம் கெட்டிங் ஸ்லீப்பி", "ஐம் கெட்டிங் ஹங்ரி". பயம் வந்தால் "ஸ்கேர்ட்". போர் அடித்தால் "போர்ட்" என்று கடைசியில் ஒரு 'ட்' சேரும். இந்த 'ட்' போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இன்னொரு பக்கம், தமிழில் ஒற்றை வினையால் அழகாக முடிந்துவிடுகிற பல விஷயங்களுக்கு ஆங்கிலப் பேச்சில் அப்படி ஒற்றைச் சொல்லைப் பெரும்பாலும் வைப்பதில்லை. காபி ஆறுகிறது. 'ஆறு' என்பதற்கு ஆங்கிலம் என்ன? "தி காஃபி இஸ் கெட்டிங் கோல்ட்". பொழுது இருட்டுகிறது, "இட்ஸ் கெட்டிங் டார்க்". இளைத்துவிட்டீர்களே, "யூவ் காட் தின்". பையன் வளர்ந்துகொண்டே போகிறான், "ஹீ இஸ் கெட்டிங் டால்". ஆறு, இருட்டு, இளை, வளர் என்று நாம் தனித்தனியாக வைத்திருப்பதை அவர்கள் 'கெட்'டும் ஒரு குணச்சொல்லும் வைத்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். சொல் தெரியவில்லை என்று நின்றுவிடாமல், 'எந்த நிலைக்கு ஆகிறது' என்று கேட்டு, அந்த நிலையைச் சொல்லும் குணச்சொல்லை 'கெட்டிங்' பின்னால் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் சரியாக வரும்.

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். எல்லா இடத்திலும் வராது. பால் திரிந்துபோனால் "தி மில்க் ஹாஸ் காட் பேட்" என்று சொல்வதில்லை, "கான் பேட்" தான். தலை நரைத்தால் "கான் கிரே", வழுக்கை விழுந்தால் "கான் பால்ட்", புத்தி பேதலித்தால் "கான் மேட்". இதை மனப்பாடம் செய்யவேண்டாம். தமிழைக் கேளுங்கள். கெட்டுப்போச்சு, நரைச்சுப்போச்சு, அழுகிப்போச்சு. நாம் 'போச்சு' என்று இழுக்கும் இடத்தில் அவர்களும் 'போ' என்கிற 'கோ'வைத்தான் வைக்கிறார்கள். ஆக, கெட்டுப்போவதற்குக் 'கெட்' வராது. இந்த வரியை மட்டும் என் மாணவர்கள் மறப்பதே இல்லை.

'ஆகு' என்பதில் இன்னொரு வம்பு உண்டு. மகள் டாக்டராகிவிட்டாள் என்பதை "மை டாட்டர் காட் எ டாக்டர்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் 'யாருக்கு உடம்பு சரியில்லை?' என்று கேட்பார். மகள் போய் ஒரு டாக்டரைக் கூட்டிவந்தாள் என்றாகிவிடும். டாக்டர், வக்கீல், மந்திரி என்று பெயர்ச்சொல்லாக ஆனால் "பிகேம்". பணக்காரராக, கிழவராக, சோம்பேறியாகக் குணத்தில் மாறினால் "காட் ரிச்", "காட் ஓல்ட்", "காட் லேஸி".

நேரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நேரமாகிறது என்பது "இட்ஸ் கெட்டிங் லேட்". எனக்கு நேரமாகிறது என்பதற்கு இந்தியா முழுவதும் "ஐம் கெட்டிங் லேட்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வெளிநாட்டுக்காரர் "ஐம் ரன்னிங் லேட்" என்பார்.

அப்புறம் தலைவலி. "ஐம் கெட்டிங் எ ஹெட்ஏக்" என்றால் இப்போதுதான் லேசாக ஆரம்பிக்கிறது என்று பொருள். மண்டை வெடித்துக்கொண்டிருக்கும்போது "ஐவ் காட் எ ஹெட்ஏக்" என்று சொல்லவேண்டும். ஜலதோஷம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இப்படியே. நர்ஸுகள் இதைக் கட்டாயம் பிரித்துக் கேட்கவேண்டும். நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

"ஐ டோன்ட் கெட் இட்"

இந்தச் சொல் ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழியாக வந்த வைக்கிங்குகளின் மொழி வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதன் வடிவம் 'கெட்டா'. அதன் அடி ஆழத்தில் இருக்கும் பொருள் 'பிடி', 'கைப்பற்று'. லத்தீனில் பிடிப்பதைக் குறிக்கும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். அதிலிருந்து வந்ததுதான் புரிந்துகொள்வதைச் சொல்லும் 'காம்ப்ரிஹென்ட்'. ஆங்கிலத்தின் 'ஃபர்கெட்'டுக்கு உள்ளேயும் இந்தக் 'கெட்'டின் உறவுச்சொல் உட்கார்ந்திருக்கிறது. பிடியில் இருந்ததை நழுவவிடுவதுதான் மறதி.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், "ஐ டோன்ட் கெட் இட்" என்பதற்குப் 'புரியவில்லை' என்று ஏன் பொருள் என்று சிலர் குழம்புகிறார்கள். நாமும் அதையேதான் சொல்கிறோம்: "எனக்குப் பிடிபடவே இல்லை." ஒருவர் சொன்ன ஜோக் புரியாவிட்டால் "ஐ டிடன்ட் கெட் தி ஜோக்". காதில் சரியாக விழாவிட்டால் "சாரி, ஐ டிடன்ட் கெட் தட்". எதிராளி போனில் படபடவென்று பேசும்போது 'வாட், வாட்' என்று கேட்பதைவிட இது மரியாதை. இங்கே ஒரு எச்சரிக்கை. 'டிட்' வந்துவிட்டால் அதற்குப் பின் 'காட்' வராது. "டிட் யூ காட் இட்" என்று வாட்ஸாப்பில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். "டிட் யூ கெட் இட்" தான் சரி.

இடம் வந்தால், வண்டி வந்தால்

இடத்தின் பெயர் வந்தால் 'போய்ச் சேர்'. "ஹௌ டு ஐ கெட் டு எழும்பூர்?" என்றால் எழும்பூருக்கு எப்படிப் போவது. ஊர், கடை, ஆபீஸ் என்றால் நடுவில் 'டு' வரும். வீட்டுக்கும் இங்கேக்கும் அங்கேக்கும் 'டு' கிடையாது: "கெட் ஹோம்", "கெட் ஹியர்", "கெட் தேர்". ஊர் போய்ச் சேர்ந்ததும் 'ரீச்ட்' என்று ஒற்றைச் சொல்லில் செய்தி அனுப்புவது நம் ஊர் வழக்கம். நமக்குள் அனுப்பும்போது அப்படியே இருக்கட்டும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. வெளிநாட்டு நண்பருக்கு என்றால் "காட் ஹோம் சேஃப்லி" என்று அனுப்பிப் பாருங்கள்.

வண்டி விஷயம் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டியது. பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு நாம் எல்லாரும் "கெட் டவுன்" என்கிறோம். இந்திய ஆங்கிலத்தில் இது அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. வெளிநாட்டில் சொன்னால் புரியாமல் போகாது. ஆனால் உயரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பவர் கீழே இறங்குவது போல அவர்கள் காதில் விழும். காம்பவுண்டுச் சுவரில் ஏறிய பையனுக்குத்தான் "கெட் டவுன் ஃப்ரம் தேர்". பஸ்ஸுக்கு "கெட் ஆஃப்". "ஐம் கெட்டிங் ஆஃப் அட் வண்ணார்பேட்டை." கார், ஆட்டோவிலிருந்து இறங்கினால் "கெட் அவுட் ஆஃப்".

எதற்கு 'ஆன், ஆஃப்', எதற்கு 'இன், அவுட்' என்று கேட்பீர்கள். உள்ளே நிமிர்ந்து நாலடி நடக்கமுடிகிற வண்டி என்றால் 'கெட் ஆன், கெட் ஆஃப்'. பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் இதில் அடங்கும். குனிந்து நுழைந்து ஓர் இடத்தில் உட்காரவேண்டிய வண்டி என்றால் 'கெட் இன், கெட் அவுட்'. கார், ஆட்டோ, ஜீப். சைக்கிள், பைக், குதிரை இவற்றுக்கு மேலே ஏறி உட்காருகிறோம், ஆகவே மறுபடி 'ஆன், ஆஃப்'. எங்கள் பக்கம் ஷேர் ஆட்டோவில் ஆட்களைத் திணிக்கிற விதத்துக்கு எதைச் சொல்வது என்று ஒரு தம்பி கேட்டான். இன்னும் தமிழிலேயே அதற்குச் சொல் இல்லை, ஆங்கிலத்தை விட்டுவிடு என்றேன்.

'கெட் அவுட்' என்றாலே நமக்குப் பழைய ஹெட்மாஸ்டர் முகம் நினைவுக்கு வருகிறது. தனியாகச் சொன்னால்தான் அது அதட்டல். "ஐ காட் அவுட் ஆஃப் தி கார்" என்பதில் யாரும் யாரையும் விரட்டவில்லை. கிரிக்கெட் வர்ணனையில் "ஹீ காட் அவுட்" என்று கேட்டுக்கேட்டு இந்த அர்த்தம் எல்லாருக்கும் முன்பே தெரியும்.

திட்டு வாங்குவதும் தைத்து வாங்குவதும்

'கெட்' பின்னால் வினையின் மூன்றாம் வடிவம், அதாவது டியூஷன்காரர்கள் 'வி3' என்று சொல்வது, வந்தால் செயப்பாட்டுவினை மாதிரி ஆகிவிடும். "ஹீ காட் ஸ்கோல்டட்", "ஹீ காட் பீட்டன்", "ஹீ காட் காட்" என்று வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இருப்பது மாட்டிக்கொண்டான் என்ற அர்த்தத்தில் வரும் 'காட்', உச்சரிப்பு இரண்டுக்கும் கொஞ்சம் வேறு, இரண்டாவதை நீட்டவேண்டும்.

புத்தகத் தமிழில் இதை 'அவன் திட்டப்பட்டான்' என்று எழுதச் சொல்வார்கள். வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? "திட்டு வாங்கினான்", "உதை வாங்கினான்", "நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்போம். பாருங்கள், தக்காளி வாங்கிய அதே வினைதான் திட்டும் வாங்குகிறது. ஆங்கிலத்திலும் அதே 'கெட்' இரண்டு வேலையும் செய்கிறது. 'வாஸ் ஸ்கோல்டட்' என்பதைவிட 'காட் ஸ்கோல்டட்' பேச்சுக்கு நெருக்கமானது. நமக்கு நேர்ந்தது, நம் தலையில் விழுந்தது என்ற தொனி அதில் உண்டு. கெட்டதுக்கு மட்டும்தான் என்றில்லை, "காட் ப்ரமோட்டட்", "காட் செலக்டட்" எல்லாம் உண்டு. கல்யாணமும் இதில்தான் வரும், "காட் மேரிட்". யாரை என்று சொல்லும்போது 'டு' வரும், 'வித்' வராது: "ஷீ காட் மேரிட் டு எ டீச்சர்".

அடுத்தது, பிறரிடம் கொடுத்துச் செய்துகொள்வது. சலூனில் போய் முடி வெட்டிக்கொண்டு வந்து "ஐ கட் மை ஹேர்" என்றால், கண்ணாடி முன்னால் நின்று நீங்களே கத்தரி எடுத்ததாகத்தான் அர்த்தம். "ஐ காட் மை ஹேர் கட்." வரிசையைக் கவனியுங்கள்: காட், பிறகு பொருள், பிறகு வி3. டெய்லரிடம் கொடுத்த ஜாக்கெட், "ஐ காட் மை பிளவுஸ் ஸ்டிட்ச்ட்". கடையில் சரிபார்த்த போன், "ஐ காட் மை ஃபோன் ரிப்பேர்ட்". ஜெராக்ஸ் எடுத்தேன் என்பது "ஐ காட் இட் ஃபோட்டோகாப்பீட்". ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன், "ஐ காட் மை பிளட் டெஸ்டட்". செல்போன் கடைத் தம்பிக்கு இதை நான் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கடையில் அவன் கையால் செய்வதால் அவன் மட்டும் "ஐ ரிப்பேர்ட் இட்" என்று சொல்லலாம், வாடிக்கையாளர் சொல்லக்கூடாது.

பொருளுக்குப் பதில் ஆளை வைத்தால், அவருக்குப் பின் 'டு' போட்டுச் சாதாரண வினை. "ஐ காட் மை சன் டு ஈட்." பையனைச் சாப்பிட வைத்தேன். தமிழில் 'வைத்தேன்' என்று ஒன்றே போதும், எப்படி வைத்தோம் என்பது குரலில் இருக்கும். ஆங்கிலத்தில் வினையே காட்டிக்கொடுத்துவிடும். அதட்டி வைத்தால் "மேட் ஹிம் ஈட்". கெஞ்சி, கொஞ்சி, செல்போனில் கார்ட்டூன் போட்டுக்காட்டி வைத்தால் "காட் ஹிம் டு ஈட்". நம் வீடுகளில் நடப்பது இரண்டாவதுதான். 'மேட்' வந்தால் 'டு' இல்லை, 'காட்' வந்தால் 'டு' உண்டு. கெஞ்சுவதற்கு ஒரு சொல் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாக்கியமா, கட்டாயமா

ஆகப் பெரிய கண்ணி இது. "ஐ காட் டு மீட் தி கலெக்டர்" என்றால் கலெக்டரைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. மகிழ்ச்சியான செய்தி. "ஐவ் காட் டு மீட் தி கலெக்டர்" என்றால் கலெக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். பட்டா பிரச்சினையாக இருக்கலாம். நடுவில் ஒரு சின்ன 'வ்', அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கல் என்னவென்றால், வேகமாகப் பேசும்போது அந்த 'வ்' கரைந்துபோய்விடுகிறது. அமெரிக்கப் பேச்சில் 'காட் டு' இரண்டும் சேர்ந்து 'காடா' என்று ஆகி, "ஐ காடா கோ" என்று காதில் விழும். அது எப்போதும் கட்டாயம்தான், போயாகவேண்டும். மற்ற இடங்களில் காலத்தைப் பாருங்கள். நேற்று, போன வாரம், சின்ன வயதில் என்று இறந்தகாலம் கூடவே வந்தால் வாய்ப்பு. இப்போது, நாளைக்கு, உடனே என்று வந்தால் கட்டாயம். எதிர்காலத்தில் வாய்ப்பு என்றால் "ஐல் கெட் டு சீ மை கிராண்ட்சன்" என்று வரும். அமெரிக்கா போகப்போகும் ஓர் அக்கா இந்த வாக்கியத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். 'பேரனைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்கிறது' என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனி இதில் சரியாக விழுகிறது.

இதோடு ஒட்டிய இன்னொன்று. "ஐ ஹேவன்ட் காட் எ டிக்கெட்" என்றால் என்னிடம் டிக்கெட் இல்லை. "ஐ டிடன்ட் கெட் எ டிக்கெட்" என்றால் டிக்கெட் கிடைக்கவில்லை. பரிசோதகரிடம் முதலாவதைச் சொன்னால் அபராதம். தீபாவளிக்கு ஊருக்கு வராததற்குக் காரணமாக இரண்டாவதைச் சொன்னால் அம்மா நம்புவார்.

'காட்டன்' என்று ஒரு வடிவம் அமெரிக்கர்கள் வாயில் வருகிறதே, அது தப்பா என்று கேட்பார்கள். தப்பில்லை. பழைய இங்கிலாந்திலும் அது புழக்கத்தில் இருந்ததுதான். கடல் தாண்டிப் போனவர்கள் வைத்துக்கொண்டார்கள், ஊரில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். 'ஃபர்காட்டன்' போன்ற சொற்களில் இருவருக்கும் மிச்சமிருக்கிறது. அமெரிக்கர்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. "ஐவ் காட் எ கார்" என்றால் என்னிடம் கார் இருக்கிறது, "ஐவ் காட்டன் எ கார்" என்றால் கார் வாங்கியிருக்கிறேன். பேரன் நியூஜெர்சியில் இருந்தால் 'காட்டன்', லண்டனில் இருந்தால் 'காட்' என்று போய்விடுங்கள்.

குட்டிச் சொற்கள் ஒட்டினால்

இதில் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிற வேலையை நான் ஊக்குவிப்பதில்லை. தேவைக்கு வரவர ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். வீட்டிலும் வேலையிலும் அடிக்கடி வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன். கண் விழிப்பது 'வேக் அப்', படுக்கையை விட்டு எழுவது 'கெட் அப்'. இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் புரள்கிறவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகப் புரியும். காய்ச்சலோ காதல் தோல்வியோ, அதிலிருந்து மீள்வது 'கெட் ஓவர்'. மாமியாரோடு ஒத்துப்போவது 'கெட் அலாங் வித்'. சம்பளத்தில் இழுத்துப்பிடித்துக் காலம் தள்ளுவது 'கெட் பை'. தப்புச் செய்துவிட்டு மாட்டாமல் நழுவுவது 'கெட் அவே வித்'. பழைய சோபாவைத் தொலைத்துக்கட்டுவது 'கெட் ரிட் ஆஃப்'. ஒருவர் சுற்றிவளைத்துப் பேசும்போது, 'என்னதான் சொல்லவர்றீங்க?' என்பதற்கு "வாட் ஆர் யூ கெட்டிங் அட்?" இது கொஞ்சம் காரமானது, மேலதிகாரியிடம் வேண்டாம். நேர்முகத் தேர்வு முடிந்ததும் "வீல் கெட் பேக் டு யூ" என்று சொல்லி அனுப்புவார்களே, அதற்குப் 'பிறகு தொடர்புகொள்கிறோம்' என்று அர்த்தம். தொடர்புகொள்வார்களா என்பது இலக்கணத்தில் வராது.

தமிழில் நாம் சினிமா பேச்சில் சொல்லும் 'கெட்டப்' இதிலிருந்து வந்த பெயர்ச்சொல், வேஷத்தைக் குறிக்கும்.

வாயில் வரும் விதம்

தமிழ்நாக்கு எந்த வல்லின மெய்யிலும் நிற்காது, ஒரு உகரம் போட்டு இறக்கிவிடும். 'கெட்' அதனால் 'கெட்டு' ஆகிறது. ஒரு பெண் வீட்டில் உரக்கப் பயிற்சி செய்ததில், அடுப்படியிலிருந்து பாட்டி "எதுடி கெட்டுப்போச்சு?" என்று கேட்டாராம். நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டி, அங்கேயே நிறுத்திவிடுங்கள், காற்றை வெளியே விடாதீர்கள். அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் சேர்த்து ஓட்டுங்கள். அமெரிக்கர்கள் 'கெட் இட்' என்பதை 'கெடிட்' என்றும், 'காட் யூ' என்பதை 'காச்சா' என்றும் சொல்வார்கள். அப்படிப் பேசவேண்டும் என்று கட்டாயம் இல்லை, காதுக்குப் பழகினால் போதும்.

பயிற்சிக்கு நான் கொடுக்கும் வேலை ஒன்றே ஒன்று. அன்றைக்கு வீட்டில் நீங்கள் தமிழில் பேசிய வாக்கியங்களில் 'ஆச்சு', 'கிடைச்சுது', 'வாங்கினேன்', 'போய்ச் சேர்ந்தேன்', 'வைச்சேன்', 'பிடிபடலை' என்று முடிந்தவற்றை மட்டும் ராத்திரி ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாமே 'கெட்'டுக்கு உரிய சரக்கு. எதிர்ப்பக்கத்தில் ஆங்கிலத்தில் மாற்றிவிட்டு, வாய்விட்டுப் படியுங்கள். புத்தகத்து வாக்கியங்களை எடுக்கவேண்டாம். 'ராமன் பரிசு பெற்றான்' என்று நீங்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சொல்லப்போவதில்லை.

எங்கே வைக்கக்கூடாது

பேச்சில் ராஜா மாதிரி உலவும் இந்தச் சொல்லை அலுவலகக் கடிதத்துக்குள் விட்டால் எடுபடாது. "ஐ காட் யுவர் லெட்டர்" என்பது நண்பருக்கு. மேலதிகாரிக்கு "ஐ ஹேவ் ரிசீவ்ட்". வேலை விண்ணப்பத்தில் "ஐ காட் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று எழுதாமல் "அப்டெய்ன்ட்" அல்லது "செக்யூர்ட்" என்று எழுதுங்கள். வெளிநாடு போக எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில் "தி சிச்சுவேஷன் இஸ் கெட்டிங் வர்ஸ்" என்பதைவிட "பிகமிங்" அல்லது "டீட்டீரியரேட்டிங்" நன்றாக உட்காரும். அதே தேர்வின் பேச்சுப் பகுதியில், 11 முதல் 14 நிமிடம் நேருக்குநேர் உட்கார்ந்து பேசும்போது, 'கெட்'டை ஒளித்துவைத்தீர்கள் என்றால் மனப்பாடம் செய்து வந்தவர் போலத் தெரியும்.

நர்ஸுகள் எழுதும் ஓஇடி தேர்வில் இந்த இரண்டு முகமும் ஒன்றாக வருகிறது. எழுத்துப் பகுதியில் நோயாளியைப் பற்றி இன்னொரு மருத்துவருக்கோ நர்ஸுக்கோ கடிதம் எழுதச் சொல்வார்கள், அங்கே "தி பேஷன்ட் காட் ஃபீவர்" என்று எழுதினால் மதிப்பெண் போகும், "டெவலப்ட் எ ஃபீவர்" என்று எழுதவேண்டும். பேச்சுப் பகுதியில் எதிரே நோயாளியாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய் வலி எப்போது 'டெவலப்' ஆனது, தூக்கம் 'அப்டெய்ன்' ஆனதா என்று கேட்டால் அவர் மிரண்டுபோவார். "வென் டிட் யூ ஃபர்ஸ்ட் கெட் திஸ் பெய்ன்?" என்று கேளுங்கள். "டிட் யூ கெட் எனி ஸ்லீப் லாஸ்ட் நைட்?" என்று கேளுங்கள். படுத்திருப்பவரை எழுப்பும்போது, "லெட் மீ ஹெல்ப் யூ கெட் அப்".